பரோட்டாக் கடன்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு

மாணிக்கம்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தென்னையில் மறுபடியும் வெள்ளை ஈ. செல்விக்குத் தை கடைசியில் நிச்சயம், குடும்பத்தோடு வந்துவிடு.

விஷயம் அதுவல்ல. நெல்லியாம்பதி நினைவிருக்கிறதா? ஈரப்பாறையில் கொத்து மயிர் ஒட்டினாற்போலக் கிடந்து, ஊதினதும் மொத்தமாகக் குதித்து ஆடியதே, அது சிலந்தியே இல்லை என்று நீ சாதித்தாய். நான் சிலந்திதான் என்றேன். சாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். தோற்ற பந்தயத்துக்கு எட்டுப் பேருக்குப் பரோட்டா வாங்கித் தந்தாய். குண்டுமணி மட்டும் பதினொன்று.

டேய், நீ சொன்னதுதான் சரி.

போன வாரம் வெள்ளையடிக்க ஒட்டடைக் கம்பை எடுத்தேன். "அப்பா, அது முட்டை வெச்சிருக்கு" என்று செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தவளாயிற்றே. பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு நெட்டைக்கால் சிலந்தி, முட்டைகளை நாலைந்து இழையில் கட்டி வாயிலேயே கவ்விக்கொண்டு தொங்கியது. கம்பு பட்டதும் உடம்பைச் சுழற்றியது பார், ஆளே புகை மாதிரி மங்கிவிட்டது. வயிறு பெட்டிபோல, பின்பக்கம் தூக்கினாற்போல. அதன் பேர் கிராசோப்ரிசா என்றாள். மோட்டார் ரூமில் உருண்டை வயிற்றோடு இருப்பது ஆர்ட்டிமா. இரண்டும் ஃபோல்சிடே என்கிற நெட்டைக்கால் சிலந்திக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு கிளை.

அந்தக் குடும்பத்தில் 1,900 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. ஜெர்மனியில் பான் நகரத்து ஹூபர் என்பவர் 2011-ல் அதை ஐந்து உட்குடும்பமாகப் பிரித்தார். அதில் ஒன்று நினெட்டினே. வறண்ட இடத்தில் கல்லுக்கடியில் கிடக்கும் பொடிசுகள், காலும் குட்டை! நெட்டைக்கால் வம்சத்தில் குட்டைக்கால் பங்காளி. அப்புறம் மரபணுவை வைத்துப் பார்த்தபோது, இலை, பாறை, சருகு என்று இருப்பிடம் மாற மாறத்தான் இனங்கள் பெருகியிருக்கின்றன என்று 2018-ல் எழுதினார்கள். இனம் பிரிக்க முக்கியமாகப் பார்ப்பது, ஆண் சிலந்தியின் வாயோரத்துக் குட்டிக் கைகளை. காலை அளந்து சொந்தம் சொன்னவன் நான்.

நெல்லியாம்பதியில் பார்த்தது ஒப்பிலியோனிஸ். தேள், சிலந்தி எல்லாம் சேர்ந்த பெருங்கூட்டத்தில் அது தனி வரிசை. இடுப்பு இல்லை, உடம்பு ஒரே உருண்டை. நூல் விடாது, விஷமும் கிடையாது. பிடித்த கையை முகர்ந்து நீ முகம் சுளித்தாயே, அதன் உடம்பில் நாற்றச் சுரப்பி இருக்கிறது. மூக்கே சாட்சி சொல்லியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அதே பூச்சி பிராக்டிகலில் வந்தது. 'சிலந்தி அல்ல' என்று எழுதிய உனக்கு முட்டை மார்க். நான் பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷமே நீ மில்லுக்குப் போய்விட்டாய். உங்கப்பா படுத்ததுதான் காரணம், தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நான் சிரித்திருக்க வேண்டாம்.

சரி, இங்கே நடக்கும் கூத்தைக் கேள். அம்மா கழுத்தில் ஏதோ தடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி பார்த்துவிட்டு, சிலந்தி விஷம், கொடுமண் சிலந்தி அம்பலத்துக்கு நேர்ந்துகொள் என்கிறார். உலகத்திலேயே கொடிய விஷம் இந்த நெட்டைக்காலுக்குத்தான், கடிக்கத்தான் பல் எட்டாது என்று மாப்பிள்ளை வீட்டுப் பையன் வேறு அளந்துவிட்டுப் போனான். எல்லாம் கட்டுக்கதை. அம்மாவைத் தோல் டாக்டரிடம் காட்டினேன். புதுச் சங்கிலி ஒத்துக்கொள்ளவில்லையாம். அம்மா நம்பவில்லை.

பத்தாயத்துப் பின்சுவர் மட்டும் வெள்ளையடிக்காமல் கிடக்கிறது. குஞ்சு பொரிக்கட்டும் என்று செல்வி உத்தரவு. சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன சொல்வது என்று மனோன்மணி தினமும் என்னைக் கரிக்கிறாள்.

நீ ஒரு நாள் முன்னதாகவே வா. எட்டுப் பேர் பரோட்டா என் கணக்கு. குண்டுமணிக்கு மட்டும் சொல்லிவிடாதே, இப்போது விலை வேறு.

உன்,
சுப்பு