பலகையை விட்டு இறக்குங்கள்

ஆம்புலன்ஸ் சேவை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தண்டுவடத்தில் அடி என்ற சந்தேகம் வந்தாலே ஆளை ஸ்பைன் போர்டு என்னும் கெட்டியான நீளப் பலகையில் கட்டி, அதே பலகையோடு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும் என்று உங்கள் சுற்றறிக்கை மறுபடியும் வந்திருக்கிறது. நொறுங்கிய வண்டிக்குள்ளிருந்து ஆளை வெளியே எடுக்கத்தான் அந்தப் பலகை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியதும், போதிய ஆட்கள் இருந்தால் அதை எடுத்துவிடலாம் என்று அமெரிக்க அவசர மருத்துவ அமைப்புகள் 2018இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. இன்னும் என்ன தயக்கம்?

கால் உடைந்தவர் பலகை உறுத்தினால் முனகுவார், கொஞ்சம் நெளிவார். தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வே இல்லாமல் போகலாம். உடம்பின் எடை வால் எலும்பு மேட்டிலும் குதிகாலிலும் இறங்குகிறது. இரத்த அழுத்தமும் விழுந்திருந்தால் அந்தத் தோலுக்கு இரத்தம் இன்னும் குறையும். பின்பாக்கெட்டில் சாவிக்கொத்து கிடந்தால்கூட அவர் சொல்லமாட்டார். ஸ்கேனுக்காக மணிக்கணக்கில் காத்திருந்த பிறகு சிவந்து தெரியும் இடம், சில நாளில் கறுத்துக் குழிப்புண்ணாகிறது. சக்கர நாற்காலியில் உட்காரப் பழக வேண்டியவர் மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். தடுத்திருக்கக்கூடிய புண் அது.

எனவே கேட்கிறோம்: பலகை வெளியே எடுக்க மட்டும். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரின் இரு பாதிகளையும் பக்கவாட்டில் செருக 10–15 டிகிரி சாய்த்தால் போதும். முழுதாகப் புரட்ட வேண்டாம். வேக்குவம் மெத்தையில் இறக்கி, ஸ்கூப்பைப் பிரித்து எடுத்துவிட்டு, பம்பால் காற்றை உறிஞ்சினால் மெத்தை உடம்பின் வளைவோடு இறுகும். முதலில் உடம்பைக் கட்ட வேண்டும், தலையைக் கடைசியில். தலையை முதலில் கட்டினால், உடம்பு சரியும்போது கழுத்துதான் திருகும். முதுகெலும்பு ஏற்கெனவே வளைந்து இறுகியவரைத் தட்டையாக அழுத்தவே கூடாது, முறிவு விரியும். அவருக்குப் பழகிய வளைவிலேயே தலையணை கொடுத்துத் தாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் படிவத்தில் காலருக்கும் (கழுத்துப் பட்டை) பலகைக்கும் கட்டம் இருக்கிறது. வழியில் இரத்த அழுத்தம் எத்தனை முறை பார்த்தார்கள் என்பதற்கு இல்லை. மேல் அழுத்தம் 90க்குக் கீழே போனாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ, அடிபட்ட தண்டுவடம் மேலும் சேதமாகும். கழுத்தில் கத்திக்குத்து வாங்கி இரத்தம் கொட்டுகிறவரையும் பலகையில் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்கள். அங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

கோபமாக எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையைத் திருத்துங்கள். பலகையில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் என்று இரண்டு கட்டங்களைப் படிவத்தில் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்டுவடப் பிரிவில் பணிபுரிவோர்