விளம்பரத்தில் ஒரு வரி கூடச் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் இப்போது அடிக்கடி 'நரம்பியல் கைரோபிராக்டர்' விளம்பரம் வருகிறது. கைவிறைப்பு, தலைச்சுற்று, தலையிடி எல்லாவற்றுக்கும் அங்கே வழி இருக்கிறதாம். முதுகையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்கிற கைரோபிராக்டர்களுக்கு நான் எதிரானவள் இல்லை. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்குகிற வேலை எனக்கு. நாரி பிடித்தால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் எங்கள் சனம் 'நரம்பு டொக்டர்' என்று நம்பியல்லவா போகிறது!

இங்கே கனடாவில் நரம்பியல் வைத்தியர் என்றால் மருத்துவம் படித்து முடித்து, அதற்குப் பிறகும் 5 வருடம் நரம்பியலில் பயிற்சி எடுத்தவர். கைரோபிராக்டரின் படிப்பு வேறு. அதற்கு மேல் சில நூறு மணித்தியால நரம்பியல் வகுப்பும் பரீட்சையும் முடித்து, அமெரிக்கச் சபையின் டிப்ளோமா வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் நரம்பியல் வைத்தியர், கைரோபிராக்டர் இரண்டு பேரும் பெயருக்கு முன்னால் டொக்டர் போடலாம். நரம்பியல் வைத்தியரிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கைரோபிராக்டரிடம் நாளைக்கே போகலாம். 2004க்குப் பிறகு ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, அதற்குக் காசு கொடுப்பதில்லை. வேலையிடத்துக் காப்புறுதி இல்லாவிட்டால் கைக்காசுதான்.

என் அத்தான் ட்ரக் ஓட்டுகிறவர். விரல் விறைத்து, சட்டைப் பொத்தான் போடவே கஷ்டப்பட்டார். முதலில் போன இடத்தில் முதுகை ஒரு மெஷினால் தடவி, கலர் கலராகப் படம் காட்டி, ஒரு வருடப் பக்கேஜுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். அக்கா விடவில்லை. அடுத்தவர் வயதான கைரோபிராக்டர், விளம்பரம் எதுவும் இல்லாதவர். கோட்டில் நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார், அத்தான் தள்ளாடினார். பிறகு அவருடைய நடுவிரல் நகத்தை மெல்லச் சுண்டினார். பெருவிரல் தானாகத் துள்ளியது. "உங்கள் கழுத்தில் நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லி, அன்றைக்கே குடும்ப வைத்தியருக்குக் கடிதம் கொடுத்தார். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் கழுத்துக்குள் முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள்ளே ஓடும் நரம்புத் தண்டு, நெரிபட்டிருந்தது. அந்தக் கழுத்தைச் சட்டென்று திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: "எப்படியானவர்களுக்கு நீங்கள் வைத்தியம் செய்ய மாட்டீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பதில் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள். கழுத்தைத் திருப்புவதானால் பக்கவாத ஆபத்தைப் பற்றி முன்கூட்டியே விளக்க வேண்டும். அரிதுதான், ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் இருக்கும், வாசித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ஒன்ராறியோ கைரோபிராக்டர் கல்லூரியின் (படிக்கிற கல்லூரி அல்ல, அவர்களைக் கண்காணிக்கிற சபை) இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் தெரியவரும். பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

உங்களிடமும் ஒரு கேள்வி. 'நரம்பியல்' என்று போடுகிறவர் அந்தத் தகுதியை எந்தச் சபையிடம் பெற்றார் என்பதையும் விளம்பரத்தில் சேர்க்கச் சொல்லலாமா? முழுப்பக்கத்தில் அதற்கு ஒரு வரி இடம் இல்லாமலா போகும்?

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி