பாட்டைப் பாடியவரின் சனலில் ஏற்ற விடுங்கள்

வன்னியிலுள்ள ஆலய பரிபாலன சபைகளுக்கும், விளையாட்டுக் கழகங்களுக்கும், கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்தாலும் இவர்களுக்குக் கைகொடுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும்,

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன அறையில் பாட்டு ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறவன் எழுதுகிறேன். இங்கே புதிதாகப் பாட வருகிற, மெட்டுப் போட வருகிற பிள்ளைகளின் கையில் முதல் காசு வைப்பது பெரும்பாலும் நீங்கள்தான். திருவிழாவுக்கு ஒரு பக்திப் பாமாலை, கழகத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒரு கீதம் என்று நீங்கள் கேட்காவிட்டால் எங்களில் பலருக்கு வேலையே இல்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இறுவட்டுக் காலத்தில் மட்டையைத் திருப்பினால் பாடியவர், இசையமைத்தவர், வரி எழுதியவர், மிருதங்கம் வாசித்தவர் வரைக்கும் பெயர் இருக்கும். யூரியூப் வந்தபிறகு எழுத இடம் கூடியிருக்கிறது, பெயர்கள்தான் காணாமல் போய்விட்டன. பாட்டு சபையின் சனலில் ஏறுகிறது. இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் உபயகாரர் வீட்டுப் பிள்ளையின் சனலில். தலைப்பில் கோயிலின் பெயர், கீழே உபயம் செய்த குடும்பத்தின் பெயர், சிலவேளை அவர்களுடைய கடையின் இலக்கம்கூட. பாடிய பிள்ளை யாரென்று அறிய வேண்டுமானால் ஊருக்குப் போன் எடுத்துத்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். பாட்டைச் செய்தவரின் சனலில் அதை ஏற்ற விடுங்கள். நீங்கள் அந்த இணைப்பை எடுத்து உங்கள் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பகிருங்கள். கோயில் பெயர் தலைப்பில் இருக்கட்டும், உபயகாரர் பெயரும் இருக்கட்டும், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

யூரியூப்பில் விளம்பரக் காசு வர ஒரு சனலுக்கு 1000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதங்களில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி (ஷோர்ட்ஸ்) வழியாகப் போனால் அந்த மணிநேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். வருடத்துக்கு ஒரு பாட்டுப் போடும் சபையின் சனல் இந்த எல்லையை எட்டுவது கடினம். ஆனால் அந்தப் பாட்டைச் செய்த பெடியன் உங்களுக்கு மட்டுமா செய்கிறான்? முள்ளியவளையில் ஒரு பிள்ளையாருக்கு, விசுவமடுவில் ஒரு அம்மனுக்கு, மன்னார்ப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்கு என்று செய்துகொண்டிருப்பான். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அவனுக்கு ஒரு சனல் நிற்கும். இப்போது அவை எட்டுப் பத்துச் சனல்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒருவருக்கும் ஒரு சதம் வருவதில்லை. ஒரு பாட்டைக் கேட்டவருக்கு அதே சனலின் இன்னொரு பாட்டை யூரியூப் காட்ட வாய்ப்பு அதிகம். உங்கள் சனலில் அதற்கு அடுத்ததாக இருப்பது போன வருடத் தேர்த் திருவிழா நேரலை.

பாட்டை ஏற்றினால் காசு கொட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. 2024இலிருந்து, 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே உரிமைத்தொகை இல்லை. இந்தத் தளங்கள் புதியவனுக்குத் தருவது முதலில் ஆட்களை. முல்லைத்தீவில் பதிவான பாட்டை எந்த நாட்டில் கேட்கிறார்கள் என்று யூரியூப்பிலும், எந்த நகரத்தில் என்று ஸ்பொட்டிபையிலும் அவன் தன் போனிலேயே பார்க்கலாம். ரொறன்ரோவில் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அங்குள்ள சங்கத்துக்குத் துணிந்து எழுதலாம். 2021இல் யொஹானி என்ற சிங்களப் பாடகியின் குரல் யூரியூப் வழியாக இந்தியா முழுக்கப் போனது நினைவிருக்கும். எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஆனால் நடக்கும்போது பெயர் தெரிந்தால்தானே ஆளைத் தேடி வருவார்கள். (ரிக்ரொக்கை மட்டும் நம்பியிருக்கும் தம்பிமாருக்கு ஒன்று: 2020இலிருந்து அது இந்தியாவில் தடை. தமிழ்நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் யூரியூப்பிலோ இன்ஸ்ரகிராமிலோ போடுங்கள்.)

மெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “அந்தச் சினிமாப் பாட்டு மாதிரியே, வரியை மட்டும் சாமிக்கு மாற்றித் தாருங்கள்” என்று கேட்கிறீர்கள். திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட அது நன்றாகத்தான் இருக்கும். இணையத்தில் அப்படியல்ல. அடுத்தவரின் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூரியூப்பின் கொன்ரென்ற் ஐடி என்ற முறை, கரோக்கி இசையையும் பிடிக்கும், பல நேரம் மெட்டையும் பிடிக்கும். பிடித்தால் விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சிலவேளை காணொளியையே முடக்கிவிடுவார்கள். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று நாட்டுப்பாடல்கள் பாடிய மண் இது. வட்டாப்பளை அம்மனுக்குப் புது மெட்டில் ஒரு பாட்டுச் செய் என்று சொன்னால் செய்யக்கூடிய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கொஞ்சம் கூடக் காசும் கொஞ்சம் நேரமும் கொடுங்கள்.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு மிக்சிங் முடித்து, விடிய யூரியூப்பில் ஏற்றுவது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. ஸ்பொட்டிபைக்கு ஒருவர் நேரே பாட்டை ஏற்ற முடியாது. டிஸ்ரோகிட், சிடி பேபி போன்ற ஒரு விநியோக நிறுவனம் ஊடாகத்தான் போக வேண்டும். தங்கள் தொகுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி ஸ்பொட்டிபையிடம் கேட்க வேண்டுமானால், வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பே பாட்டு அங்கே இருக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே வேலையைத் தாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வெளிநாட்டுச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு விடயம். மேடையில் பொன்னாடையும் கேடயமும் கொடுக்கிறீர்கள், சந்தோசம். அதோடு அந்த விநியோகக் கட்டணத்தையும் கட்டிக் கொடுக்க முடியுமா? டிஸ்ரோகிட் போன்றவற்றுக்கு வருடா வருடம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பாட்டுகளை இறக்கிவிடுவார்கள். டொலரில் கட்ட அட்டை இல்லாமல்தான் பல பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆனால் கணக்கை உங்கள் பெயரில் திறக்காதீர்கள். கணக்கு யாருடையதோ, பாட்டின் பிடி அவர் கையில்தான்.

ஊரில் இருப்பவர்களும் ஒரு உதவி செய்யலாம். யூரியூப் வருமானம் 10 டொலரை எட்டியதும் முகவரியைச் சரிபார்க்கக் கூகிள் ஒரு இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். வீட்டு இலக்கமே இல்லாத குடியேற்றத் திட்டத்தில் அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். சனசமூக நிலையத்தின் முகவரியைப் பாவிக்க விடுங்கள். 100 டொலர் சேர்ந்தால் வங்கிக் கணக்குக்கே காசு வரும்.

“காசு கொடுத்தது நாங்கள், பாட்டு எங்களுடையது” என்று சில சபைகளில் சொல்வார்கள். காசு கொடுத்தவருக்கு என்ன உரிமை என்பதைப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஆக்கியவரின் பெயரைப் போடுவது நீங்கள் மனம்வைத்துச் செய்யும் தயவல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதை ஆக்கியவரின் உரிமையாகவே சொல்கிறது.

ஏற்கனவே ஏற்றிவிட்ட பாட்டுகளை வேறு சனலுக்கு மாற்றினால் பார்வைகள் போய்விடும், அவை அங்கேயே இருக்கட்டும். விபரப் பகுதியைத் திருத்தி, பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் பெயர்களையும் அவர்களுடைய சனல் இணைப்பையும் சேர்த்தால் போதும். போனிலேயே ஐந்து நிமிட வேலை. சபையின் சனலுக்குக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஒரு பொதுக்கூட்டம் தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டுகளைப் பதிவு செய்து தருகிறவன்