அண்டாவில் போன அத்தை

கடலூர்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். இன்னிக்குக் கடை லீவு. போன்ல சொல்லலாம்னா, நீ ஸ்டுடியோவுக்குள்ள போற அவசரத்துல இருப்பே, எனக்கும் நினைச்சதுல பாதிதான் வாயில வரும். அதான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துட்டேன்.

உன் காலை நிகழ்ச்சியைக் கடையில தினமும் கேட்கறோம். கோயம்புத்தூர் எஃப்எம் கடலூர் வரைக்கும் எட்டாது. நீ அனுப்பற பதிவைப் பக்கத்து செல்போன் கடைப் பையன் மறுநாள் காலையில வந்து ஸ்பீக்கர்ல போட்டு விடுவான். நீ நேத்துப் பேசினது எங்களுக்கு இன்னிக்கு. ஏழரைக்கெல்லாம் பெஞ்சு நிறைஞ்சுடும். முடி வெட்டிக்க வந்தவங்க ரெண்டு பேர்னா, கேட்க வந்தவங்க நாலு பேர்.

திருடப் போன வீட்டுல ஏசியைப் போட்டுக்கிட்டு அசந்து தூங்கிப்போன திருடனைப் பத்திச் சொன்னியே, வீட்டுக்காரர் வந்து எழுப்பினதும் "அஞ்சு நிமிஷம் சார்"னு புரண்டு படுத்திருப்பான்னு, அன்னிக்குக் கடையே குலுங்கிப் போச்சு. நாற்காலியில இருந்தவருக்கு முகம் பூரா சோப்பு நுரை. நான் கத்தியைத் தூக்கிக்கிட்டு ரெண்டடி தள்ளி நின்னுட்டேன். அவர் சிரிச்சு முடிச்சு, மறுபடியும் நினைச்சுச் சிரிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு கழுத்தை நீட்டின பிறகுதான் கிட்டப் போனேன். என் பிள்ளை சிரிக்க வச்ச கழுத்துன்னு மனசுக்குள்ள ஒரே பெருமை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் முதல் நாள் சொன்னது அதுதான். கத்தி கழுத்துல இருக்கும்போது வாயைத் திறக்காதே. சிரிப்பு வருதுன்னா கத்தியை எடு, கதையைச் சொல்லு, சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் வை. அவர் கடையில ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. அப்பல்லாம் ரேடியோ வச்சிருந்தா லைசென்ஸ் புத்தகம் உண்டு, தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டணும். சாயங்காலமானா இலங்கை வானொலி இங்க கணீர்னு விழும். கே.எஸ்.ராஜா பேசற வேகத்தைப் பிடிக்க நாங்க பசங்க மூச்சு முட்டப் பழகுவோம். அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்தினா, எழுத்து மாறிப் பாடினவங்களைக்கூட அவ்வளவு பதமா அனுப்பி வைப்பார். தோத்துப்போன ஆளுக்கு முகம் வாடாது. அது எவ்வளவு பெரிய வேலைன்னு அப்ப எனக்குத் தெரியலை.

நீ பேசக் கத்துக்கிட்டது நம்ம பெஞ்சிலதான். ஆறு வயசுல தினத்தந்தியை எழுத்துக்கூட்டிச் சத்தமா படிப்பே. கொலை, கொள்ளை எல்லாம் தாண்டி, நேரா கடைசியில இருக்கற துக்கடா செய்திக்குப் போயிடுவே. ரெண்டு தலைக் கன்னுக்குட்டி, மாப்பிள்ளை மாறிப்போன மண்டபம், பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போயிட்ட பைத்தியக்காரன். படிச்சு முடிச்சதும் பெஞ்சுல இருக்கறவங்க ஆளுக்கு ஒண்ணு சேர்ப்பாங்க. மந்திரியில ஆரம்பிச்சு முனிசிபாலிட்டி குழாய் வரைக்கும் யாரையும் விட மாட்டாங்க. நீ பெரிய ஆளுங்களைக் கிண்டல் பண்றதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. இன்னும் நல்லாப் பண்ணு. ரோட்டுப் பள்ளத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடி, கேக் வெட்டி, அது நடக்கப் பழகிடுச்சான்னு கேட்டியே, அதைக் கேட்டுட்டு இங்க ஒருத்தர் நம்ம தெருப் பள்ளத்துக்கும் பேர் வச்சுட்டார்.

உங்களுக்கு இருக்கற கட்டுப்பாடும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தனியார் எஃப்எம்ல சொந்தமா செய்தி சொல்ல முடியாது. ஆகாசவாணி செய்தியை வேணும்னா அப்படியே எடுத்துப் போடலாம், ஒரு எழுத்து மாத்தக் கூடாது. மழை, டிராஃபிக், பரீட்சை, கரண்ட், தண்ணி இதையெல்லாம் சொல்லலாம். மணிக்குப் பத்து நிமிஷம் செய்திக்கு விடலாம்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2023-ல சிபாரிசு பண்ணினப்போ நீ எவ்வளவு ஆசையா போன் பண்ணினே. செய்தி கையில இல்லாததால வினோதச் சமாசாரத்தையும் வீட்டுச் சமாசாரத்தையும் வச்சுத்தான் மூணு மணி நேரம் ஓட்டணும். அது லேசுப்பட்ட வேலை இல்லன்னு அப்பாவுக்குப் புரியுது.

ஆனா மழையும் புயலும் உன் கையில இருக்கு பார், அது செய்திதான் தம்பி. போன மாசம் "கடலூர்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம், கூண்டு இருக்கு, கிளி எங்க?"ன்னு கேட்டே. கூட இருக்கற பொண்ணு "கிளி லீவு"ன்னா. கோயம்புத்தூர்ல இருக்கறவங்களுக்கு அது கூண்டு. இங்க ஓல்டு டவுன், அதான் ஓ.டி., துறைமுகத்துல அதை ஏத்தினா, படகைக் கடலுக்குத் தள்ளறதா, கரையில இழுத்துக் கட்டறதான்னு தேவனாம்பட்டினத்துல ஒவ்வொரு வீட்டுலயும் பேச்சு. ஒண்ணுன்னா தூரக் கடல்ல புயல் உருவாகலாம். மூணுன்னா துறைமுகத்துக்கே காத்து மழை வரும். எட்டு, ஒன்பது, பத்து வந்தா பெரிய ஆபத்து. பதினொண்ணு எதுக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? தகவல் தொடர்பே அத்துப்போச்சுன்னு அர்த்தம். சின்ன வயசுல அதைக் கேட்டுட்டுத்தான், "அத்துப்போச்சுன்னா யாருப்பா போய்ச் சொல்லுவாங்க?"ன்னு கேட்டே. நான் பதில் சொல்லலை.

2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயல் அடிச்சப்போ நீயே பார்த்தே. கூரைத் தகடு காகிதம் மாதிரி பறந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. கரண்ட் இல்ல, செல்போன் இல்ல. தாத்தாவோட டிரான்சிஸ்டருக்கு டார்ச் லைட்டு பேட்டரியைக் கழட்டிப் போட்டோம். கரகரன்னு ஒரு குரல் வந்தது. என்ன சொல்லுதுன்னு பாதி புரியலை, ஆனா தெருவே நம்ம திண்ணையில வந்து உட்கார்ந்தது. நீ ஏரியலைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னே. கையை எடுத்தா குரல் போயிடும்னு ஒண்ணுக்குக்கூடப் போகலை. 2015 வெள்ளத்தை ஒட்டி நம்ம மாவட்டத்துக்குன்னே பேரிடர் கால வானொலின்னு 107.8-ல ஒண்ணு போட்டாங்கன்னா, இங்க ரேடியோவோட அருமை அப்படி.

இப்ப நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வரேன்.

போன புதன்கிழமை கேட்ட நிகழ்ச்சி. மழைக்கால ஸ்பெஷல்னு சொல்லிட்டு, 2021-ல ஆலப்புழா பக்கம் வெள்ளத்துல சமையல் அண்டாவுக்குள்ள உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போன ஜோடியைப் பத்திச் சொன்னே. ரெண்டு பேரும் சுகாதாரத் துறையில வேலை பார்க்கறவங்க, முகூர்த்தத்தை விடக் கூடாதுன்னு கிளம்பிட்டாங்க, அண்டாவுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு எவ்வளவு அழகா சொன்னே. மாமியார் வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பாத்திரத்துல இறங்கின மருமகள்னு சொன்னே பாரு, கடையில கைதட்டினாங்க.

அதுக்கப்புறம் இன்னொரு வீடியோவைப் பத்தி ஆரம்பிச்சே. எந்த ஊர்னு சொல்லலை. வெள்ளத்துல ஒரு கிழவியை அண்டாவுல உட்கார வச்சு ரெண்டு பசங்க தள்ளிக்கிட்டுப் போறாங்களாம். "சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும்பாங்க, இங்க பாட்டியே சட்டியில வருது"ன்னே. அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. "பாட்டி, சாம்பார் கொதிச்சிடுச்சா?"ன்னு கேட்டு, அந்தம்மா மாதிரியே நடுங்கற குரல்ல கத்திக் காட்டினே. கூட்டமா சிரிக்கற சத்தம் ஒண்ணைப் போட்டீங்க. கடையிலயும் சிரிச்சாங்க. எனக்குக் கை ஓடலை.

உன் பெரியத்தையை நாணமேட்டுல அப்படித்தான் கொண்டாந்தோம். உனக்கு இது தெரியாது. அவ உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா.

2024 ஃபெஞ்சல். புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கொட்டினதோட போச்சுன்னு நினைச்சோம். டிசம்பர் 2 விடியறதுக்கு முன்னாடி சாத்தனூர் அணையில வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்து விட்டாங்க. பெண்ணையாறு கரை தாண்டி வந்தது. நம்ம கடைக்கு வரலை, ஆத்தோரம் மொத்தமும் போச்சு. நான் போய்ச் சேர்ந்தப்போ அத்தை வீட்டுல ஜன்னல் வரைக்கும் தண்ணி. முட்டிவலிக்காரி, நடக்க முடியாது, தூக்கலாம்னா ரெண்டு பேரால ஆகற உடம்பும் இல்ல. பக்கத்துல ஒரு கல்யாண சமையல்காரர் வீட்டுலேருந்து பிரியாணி அண்டாவைப் பசங்க மிதக்க விட்டுக்கிட்டு வந்தாங்க.

அண்டா படகு மாதிரி நேராப் போகாது தம்பி. அடி உருண்டை. கொஞ்சம் அசைஞ்சா சுத்தும். அத்தை உள்ள சம்மணம் போட முடியாம முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா. மடியில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ரேஷன் கார்டு, சர்க்கரை மாத்திரை, மாமா போட்டோ. ரெண்டு பக்க வளையத்தையும் அவ பிடிச்சிருந்த பிடியில விரல் வெளுத்துப் போயிருந்தது. நான் ஒரு பக்கம், ஒரு பையன் ஒரு பக்கம். நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணி, கீழ சேறு. கண்ணை இறுக மூடிக்கிட்டு, "என்னை விட்டுட்டு நீ போடா"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. மேட்டுல ஏத்தி விட்டப்போ, செல்போனைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நின்னான். அவ முதல்ல கேட்டது தண்ணி இல்ல, துண்டு இல்ல. "அவன் என்னைப் படம் எடுத்தானாடா?"ன்னுதான் கேட்டா. அதுக்கப்புறம் மூணு மாசம் கல்யாண வீட்டுக்கே வரலை.

நீ பேசினது அவளைப் பத்தி இல்ல, அது எனக்குத் தெரியும். நீயும் தெரிஞ்சு செய்யலை. அந்த ஆலப்புழா பொண்ணு அண்டாவுக்குள்ள சிரிச்சா. இந்தம்மா சிரிச்சாங்களான்னு வீடியோவைப் பார்த்தவன் நீ, நீதான் சொல்லணும். நீ போட்டுக் காட்டின குரல் சிரிக்கிற குரலா எனக்குக் கேட்கலை. பள்ளிக்கூடத்துல உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிச்சாங்க, எத்தனை நாள் நீ கடைக்குப் பின்னாடி உட்கார்ந்து சாப்பிட்டேன்னு நான் எழுத வேண்டியதில்லை. அன்னிக்கு உன்னைச் சிரிக்க வச்சது இந்த பெஞ்சுதான். இதுல உட்கார்ந்து எவ்வளவோ அசிங்கமாப் பேசியிருக்காங்க, ஆனா நாற்காலியில துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறவனை யாரும் தொட்டதில்லை. அவன் எழுந்திருக்க முடியாது, திருப்பிப் பேச முடியாது. எழுந்து சில்லறை கொடுத்த பிறகு அவனையும் கிண்டல் பண்ணுவாங்க, அவனும் பண்ணுவான்.

உன்னை நிகழ்ச்சியை மாத்தச் சொல்லலை. அந்தத் திருடனை விடாதே, பள்ளத்துக்கு அடுத்த பிறந்தநாளும் கொண்டாடு. அந்தம்மா எந்த ஊரோ, அவங்க பேரனோ பேத்தியோ கேட்டிருக்கலாம். ஒரு நாள் காலையில, பாட்டு போடறதுக்கு முன்னாடி, உன் சொந்தக் குரல்ல அவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு. எப்படிச் சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன், அது உனக்குத்தான் வரும். நிலையத்துல ஒத்துக்க மாட்டாங்கன்னா, அதையாவது எனக்குப் போன் பண்ணிச் சொல்லு.

அம்மா வஞ்சிரக் கருவாடு கட்டி வச்சிருக்கா. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் வர்ற நம்ம தெருப் பையன்கிட்ட கொடுத்து விடறேன். பையைத் திறந்து வை, பஸ்ஸுல வந்த சூட்டுல புழுங்கிடும்.

ஓ.டி.லேருந்து வர்ற நம்ம பெரியவர், சுத்தமா காது கேட்காதவர், இப்பவும் தினமும் வரார். நிகழ்ச்சி முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சு இழுத்து, "இன்னிக்கு உன் பையன் என்ன சொன்னான்?"ம்பார். நான் காதுகிட்டக் குனிஞ்சு கத்திச் சொல்லுவேன். நீ சொன்னதை நான் சொல்லும்போது பாதி சுவை போயிடும், ஆனாலும் பொக்கை வாயைத் திறந்து அப்படிச் சிரிப்பார். புதன்கிழமையும் கேட்டார். மழை வருமாம்னு சொன்னான்னு சொல்லிட்டேன். அவர் என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தார்.

நாளைக்கும் வருவார்.

அன்புடன்,
அப்பா