பாலை மணலில் அடர்த்தி பார்க்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜெய்சல்மர், பாட்மேர் பக்கம் சோலார் வேலைக்கும் சாலை வேலைக்கும் போகிறவர்கள் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் வாடகைக்கு முதலில் கேட்பது கோர் கட்டரைத்தான், அதாவது தரையில் அடித்து இறக்கி மண் மாதிரி எடுக்கும் இரும்பு உருளையை. தூக்கிப் போக வசதி, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த சைட்டுகளுக்கு இனி அதைத் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். 100 மி.மீ. விட்டமும் 130 மி.மீ. உயரமும் உள்ள அந்த உருளை களிமண்ணைக் கவ்விக்கொண்டு வரும். தார் பாலைவன மணலில் ஒட்டு கிடையாது. மேலே தூக்கியதுமே அடிவழியே சரசரவென்று கொட்டிவிடும். தப்பித்தவறி நின்றாலும், அடித்து இறக்கிய அதிர்விலேயே தளர்ந்த மணல் இறுகிப்போயிருக்கும்.

தோண்டிய குழிக்குள் பலூனை விரித்துக் குழியின் கன அளவு பார்க்கும் ரப்பர் பலூன் கருவியும் இங்கே சரிப்படாது. பலூன் அழுத்தும்போது குழியின் சுவரே பின்வாங்கும்.

மிஞ்சுவது மணல் நிரப்பும் முறை, இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2720 பாகம் 28. குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, அடர்த்தி தெரிந்த நம் மணலைக் குழியில் நிரப்பிக் குழியின் கன அளவைக் கணக்கிடுவது. இதிலும் கவனம் வேண்டும். காய்ந்த மணலில் குழி தோண்டினால் விளிம்பிலிருந்து சர்க்கரை சரிவது போல மணல் உள்ளே வழியும். பக்கத்தில் ஒருவர் காலை ஊன்றி நின்றாலே போதும், குழி சுருங்கிவிடும். எடுத்த மண் அதிகம், குழி சின்னது. ஆகவே அடர்த்தி கூடுதலாக வரும். சரியாக இறுகாத இடம் தேர்ச்சி பெற்றுவிடும். எங்களுக்குப் பயம் இதில்தான். முதல் நாள் மாலை தண்ணீரை லேசாகத் தெளித்து, ஊற விட்டு, காலையில் காற்று எழும்புவதற்கு முன் தோண்டுங்கள். வெள்ளமாக ஊற்ற வேண்டாம், தளர்ந்த மணல் தானே அமுங்கிவிடும். ஈரத்தைக் கட்டாயம் அளந்து கழியுங்கள். குழியில் மணல் இறங்கும்போது ரோலரை நிறுத்தச் சொல்லுங்கள். அதிர்வில் நம் மணல் நெருங்கி உட்கார்ந்தால் குழி பெரிதாகத் தெரியும், அடர்த்தி குறைந்து வரும்.

அப்புறம், நாங்கள் தரும் மணல் 1 மி.மீ. சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் நின்றது. மணல்மேட்டு மணல் அதைவிட நைசு. திரும்ப அள்ளும்போது அது கலந்து வருகிறது. காயவைத்து 600 மைக்ரானில் ஒருமுறை சலித்தால் நைசு மணல் பெரும்பாலும் கீழே போய்விடும். பிறகு மறுபடி அளவுத்திருத்தம் செய்யாமல், அதாவது அந்த மணலின் அடர்த்தியைத் திரும்ப அளக்காமல், பயன்படுத்தாதீர்கள்.

கதிர்வீச்சைக் கொண்டு அடர்த்தியையும் ஈரத்தையும் காட்டும் அணுக்கதிர் கருவி வேகமானதுதான். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்; எங்களிடம் அந்தக் கருவி இல்லை. வேறெங்கு எடுத்தாலும் பிகானேர், நாகௌர் போன்ற ஜிப்சம் உள்ள இடங்களில் அது காட்டும் ஈரத்தை நம்பிவிடாதீர்கள். ஜிப்சத்துக்குள் கட்டுண்ட நீரையும் அது ஈரமாகவே எண்ணும். அந்த மண்ணை அடுப்பில் உலர்த்தும்போதும் வழக்கமான 105 டிகிரி வேண்டாம். 60 முதல் 80 டிகிரியில் பொறுமையாக உலர்த்துங்கள்.

கோர் கட்டருக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு அதே வாடகையில் மணல் உருளை, தட்டு, 600 மைக்ரான் சல்லடை மூன்றும் தயாராக இருக்கின்றன. புறப்படும் முன் ஒருநாள் கடைக்கு வாருங்கள். பின்கட்டில் ஒரு தொட்டி நிறையக் காய்ந்த மணல் வைத்திருக்கிறோம், தோண்டிப் பழகிவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்