பிராண்ட்வுட் பயணம்: இன்னும் 770 பவுண்டு தேவை

அன்புள்ள பெற்றோர்களே, பெரியவர்களே, வணக்கம்.

நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இங்கிலாந்தின் கொனிஸ்டன் ஏரிக்கரையில் இருக்கும் ஜான் ரஸ்கினின் பிராண்ட்வுட் வீட்டுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்திருக்கிறோம். பஸ்ஸுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் உள்ள பாக்கியை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் பதிவு ரத்தாகிவிடும்.

ரஸ்கின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர், கலை விமர்சகர், உழைப்பவருக்கு நியாயம் கேட்டு எழுதிய சிந்தனையாளர். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தியடிகள் இவருடைய 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலைப் படித்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பதை அதில் கண்டார். அந்த ஆண்டே ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். பிறகு அந்நூலைக் குஜராத்தியில் சுருக்கி 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். அந்தச் சர்வோதய வழியில், ஏழைகளுக்கு நிலம் கேட்டு நடந்த பூதான யாத்திரையில் வினோபா பாவே நம் ஊர்ப்பக்கம் நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்த தாத்தா ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பயணத்துக்கு முதலில் பெயர் கொடுத்தவரும் அவர்தான்.

1871-இல் ரஸ்கின் பிராண்ட்வுட்டை நேரில் பார்க்காமலேயே 1,500 பவுண்டுக்கு வாங்கினார். 1900-இல் அங்கேயே காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். அவர் விருப்பப்படி கொனிஸ்டன் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதன்பின் அவர் சேர்த்த படங்களும் புத்தகங்களும் ஏலத்தில் சிதறின. ஜான் ஹோவர்ட் வைட்ஹவுஸ் என்பவர் 1932-இல் வீட்டை வாங்கி, சிதறியவற்றில் முடிந்ததைத் தேடிச் சேர்த்து, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஒருவர் மனம் வைத்துக் கொடுத்ததால்தான் இன்று நம் பிள்ளைகள் அந்தக் கோபுர அறையில் நின்று ஏரியைப் பார்க்கப் போகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பஸ் 1,150 பவுண்டு. நுழைவுச்சீட்டும் சிற்றுண்டியும் 860. ஆக மொத்தம் 2,010. கையில் இருப்பது 1,240.

அந்த 1,240-ஐத் தந்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பென்ஷனிலிருந்து மாதந்தோறும் எடுத்துவைத்துக் கொடுத்த ஆச்சி, மதியச் சோற்றுப் பொட்டலம் முழுவதையும் தன் பொறுப்பில் ஏற்ற உணவகக்காரத் தம்பி, இரவு வேலை முடித்து வந்த கையோடு உறையை நீட்டிய நர்ஸ் அக்காமார், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இரண்டு குடும்பங்கள். இறைவன் உங்களை நிறைவாக வைக்கட்டும்.

கோயில் தேர்த் திருப்பணி என்றதும் வரிசையில் நின்று கொடுத்தவர்கள் நாம். பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் கை சுருங்கலாமா? போன தடவை பெயர் எழுதிவிட்டுப் பணம் தராதவர்களும் இருக்கிறார்கள். பட்டியலை வாசிக்க எங்களுக்கு விருப்பமில்லை. குடும்பத்துக்கு 20 பவுண்டு, அப்படி 40 குடும்பங்கள் கொடுத்தால் குறை தீர்ந்துவிடும். முடியாதவர்கள் 5 பவுண்டு கொடுத்தாலும் மனமார ஏற்போம்.

வியாழக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் பொருளாளரிடம் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் குழுவினர்