அந்தச் செல் ஏன் திரும்பி வருகிறது?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. நோயெதிர்ப்பு டி செல்கள் முதிரும் தைமஸ் உறுப்புக்குள், புறணியும் (வெளிப்பகுதி) அகணியும் (உள்பகுதி) சந்திக்கும் எல்லையில் இறங்கும் செல், வெளி விளிம்பு வரை போய்விட்டு ஏன் மறுபடி உள்ளே வர வேண்டும் என்று கேட்டாய். அருமையான கேள்வி, கண்ணு.

எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தத்தில் வந்து இறங்கும்போது அது இன்னும் டி செல் இல்லை. புறணி வழியே வெளிப்பக்கம் நகரும்போது, அங்கே சட்டகம்போல் நிற்கும் எபிதீலியல் செல்கள் தரும் நாட்ச் என்ற சமிக்ஞைதான், அது பி செல் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்லாகும் வழியை அடைக்கிறது. தைமஸின் வெளி உறைக்கு அடியில், பிற மூலக்கூறுகளை அடையாளம் காணும் ஏற்பியின் ஒரு பாதியான பீட்டா சங்கிலி சரியாக அமைந்தவை மளமளவென்று பெருகுகின்றன. பிறகு சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் தாங்கிக்கொண்டு உள்நோக்கித் திரும்புகின்றன.

உயிருள்ள திசுவில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பாய். புறணியில் அந்தச் செல் திக்குத் தெரியாமல் அலையும். புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் நம் உடம்பின் எம்எச்சி மூலக்கூறை அதன் ஏற்பி ஓரளவாவது பற்ற வேண்டும். பற்றாவிட்டால் சில நாளில் சாவுதான். பெரும்பாலானவை அப்படித்தான் போகின்றன. பற்றிவிட்டால் சிசிஆர்7 என்ற இன்னொரு ஏற்பி செல்லின் மேலே வரும், அகணியிலிருந்து வரும் சிசிஎல்21 என்ற ஈர்ப்புப் புரதம் அதை இழுக்கும், நடையே மாறிவிடும். நேராக, வேகமாக உள்ளே போகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, அகணிக்கு ஏன்? அங்கேதான் ஏயர் என்ற புரதம் எபிதீலியல் செல்களை இன்சுலின் போன்ற பிற உறுப்புகளின் புரதங்களையும் செய்ய வைக்கிறது. அவற்றை அளவுக்கு மீறிப் பற்றும் செல்கள் நம் உடம்பையே தாக்கக்கூடும் என்பதால் அழிகின்றன. சில, மற்ற நோயெதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களாகின்றன. சிசிஆர்7 இல்லாத எலிகளில் செல்கள் அகணியில் சேராமலே முதிர்ந்து வெளியேறின. அந்த எலிகளுக்குத் தன்னுடல் தாக்கு நோய் வந்தது. உன் கேள்விக்கு நேற்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காகத் திசுவைக் கலைத்துவிட்டால், எந்தச் செல் எங்கே இருந்தது என்பது போய்விடும். அதனால் ஒரு துண்டை நிறமேற்றியும் பார். செல்கள் நெருக்கியடித்த புறணி கருநீலமாகவும் அகணி வெளிறியும் தெரியும். மனிதத் திசுவாக இருந்தால் அகணியில் அடுக்கடுக்காக வட்டங்கள் இருக்கும், ஹாசல் உடலங்கள். தென்பட்டால் போட்டோ எடுத்து அனுப்பும்மா.

அன்புடன்,
அப்பா